கடன் வாங்கிய வெளிச்சம் - 9 எண்ணம்

ட்யூப்லைட் தெரியும். குண்டு பல்பு தெரியும். எல்.இ.டி. தெரியும். பாரோட் லைட் தெரியுமா?

தெரியாது என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பத்து வருடமாகக் கண்ணாடி வேலையே செய்துகொண்டிருந்த ஒருவருக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொள்ள அவர் கொடுத்த விலை 42,000 ரூபாய்.

அவருக்கு ஊர் சித்தேரி. தர்மபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா. அரூரில் பஸ் ஏறினால் மலை மேலே கொண்டுபோய் விடும். மலையாளி பழங்குடி மக்களின் ஊர். (கேரளாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் என்பதால் மலையாளி என்று பொருள் சொல்வார்கள். வெளியூரில் ஒவ்வொரு புது ஆளிடமும் இதை முதலில் இருந்து விளக்க வேண்டியிருப்பது அந்த மக்களின் தலையெழுத்து!) சாமையும் ராகியும் விளையும். ஆனால் அதை மட்டும் நம்பி வருடம் முழுக்க வண்டி ஓட்ட முடியாது. அதனால் இளவட்டங்கள் வேலை தேடி மலை இறங்குவார்கள். திருப்பூர், கேரளா, பெங்களூர்... இவர் போனது பெங்களூர்.

முதலில் எடுபிடி வேலை. சிலிக்கான் கன்னை எடுத்துக் கொடுப்பது, கண்ணாடியை ஒரு பக்கம் தாங்கிப் பிடிப்பது. அப்புறம் அலுமினியம் செக்‌ஷன் அறுக்கக் கற்றுக்கொண்டார். அப்புறம் அளவு எடுக்க. கடைசியில் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, சிறிய சிறிய ஆபீஸ்களுக்கு பார்ட்டிஷன் போட்டுக் கொடுக்கும் கான்ட்ராக்ட்காரர் ஆகிவிட்டார். மெட்டீரியலோடு சேர்த்து ரேட். அட்வான்ஸ் வாங்கி, கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்து, வேலையை முடித்து, பாக்கிப் பணத்துக்கு நாயாக அலைய வேண்டும். தொழில் என்றால் அதுதானே.

2022 இல் ஒரு ஆபீஸ் வேலை வந்தது. ஒரே தளம். சுற்றிலும் மேனேஜர் கேபின்கள், நடுவில் ஒரு நடை, நடைக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம், ஃபைல் ரூம், சாப்பாட்டு அறை. வரைபடம் வெளிநாட்டில் வரைந்தது. கூடவே ஒரு பட்டியல். என்னென்ன வேலை, எத்தனை எண்ணம், எத்தனை சதுர அடி என்று வரிசையாக இருக்கும். அதைப் பார்த்து ரேட் போட வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஒரு வரி: பாரோட் லைட், 9 எண்ணம்.

லைட் என்று இருக்கிறதே, நமக்கு எதற்கு என்று அவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார். கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. எலெக்ட்ரிக் வேலை எடுத்திருந்த கிருஷ்ணகிரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்.

"ண்ணா, இந்த 9 லைட்டு உங்க கணக்குதானே?"

"ஆமா தம்பி, நான் போட்டுட்டேன்."

அவர் என்ன போட்டிருந்தார் தெரியுமா? வாடகை! பாரோ என்றால் கடன் வாங்குவது. லைட்டைக் கடன் வாங்குவது என்றால், வேலை நடக்கும்போது வெளிச்சத்துக்கு ஃபோகஸ் லைட் வாடகைக்கு எடுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்று முடிவு பண்ணி, 9 லைட்டுக்கு நாள் வாடகை எழுதியிருந்தார். சிரிக்காதீர்கள். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பார்த்தால் அவர் சொன்னதுதான் பக்கத்தில் வருகிறது.

வேலை முக்கால்வாசி முடிந்தபோது மேற்பார்வை பார்க்கிற சார் வந்து நடைச் சுவரைக் காட்டி, "இதுல எல்லாம் கண்ணாடி எங்கே?" என்று கேட்டார். ஜிப்சம் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, 6 அடி நீளம் 2 அடி உயரத்துக்கு 9 இடத்தில் சட்டம் மட்டும் அடித்து ஓட்டையாக விட்டிருந்தார்கள். ஏ.சி. டக்ட் வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது டக்ட் இல்லை. அதுதான் பாரோட் லைட்.

சரி, இப்போது அர்த்தத்துக்கு வருவோம்.

கட்டடக்கலை ஆங்கிலத்தில் லைட் என்றால் விளக்கு மட்டும் இல்லை. வெளிச்சம் வருகிற திறப்பு, அதில் போட்டிருக்கிற கண்ணாடி, இரண்டுக்குமே லைட் என்றுதான் பெயர். கூரையில் இருந்தால் ஸ்கைலைட். கதவுக்குப் பக்கத்தில் ஒல்லியாக நின்றால் சைட்லைட். கதவுக்கு மேலே விசிறி விரித்த மாதிரி அரைவட்டமாக இருந்தால் ஃபேன்லைட். (சீலிங் ஃபேனில் தொங்குகிற லைட் என்று இதற்கும் யாராவது ரேட் போட்டிருப்பார்கள்.) இந்தக் குடும்பத்தில் ஒரு தம்பிதான் பாரோட் லைட். வெளிச்சுவரில் இருக்காது, உள்சுவரில் இருக்கும். ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவில், அல்லது அறைக்கும் நடைக்கும் நடுவில் போடுகிற கண்ணாடித் திறப்பு. வெளியே ஜன்னல் இருக்கிற அறைக்குச் சூரிய வெளிச்சம் நேராக வருகிறது. ஜன்னல் இல்லாத உள்ளறை அந்த அறையிடம் இருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. அதனால் கடன் வாங்கிய வெளிச்சம்.

நம் ஆட்களிடம் இதற்குத் தனிப் பெயர் இல்லை. சுவர் முழுக்க கண்ணாடி என்றால் பார்ட்டிஷன். நான்கு பக்கமும் அடைத்தால் கேபின். திறக்க முடியாமல் ஒரு கண்ணாடி நின்றால் ஃபிக்ஸட் கிளாஸ். கதவுக்கு மேலே இருந்தால் அதில் காற்று வருகிறதோ இல்லையோ வென்டிலேட்டர். நம்ம ஊர் வரைபடத்தில் டி என்றால் கதவு, டபிள்யூ என்றால் ஜன்னல், வி என்றால் வென்டிலேட்டர். ஃபிக்ஸட் கிளாஸ் என்று அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை இருந்திருந்தால் இந்தப் பிரச்சனையே இல்லை.

ஆனால் எல்லாக் கண்ணாடித் தடுப்பையும் பாரோட் லைட் என்று சொல்லிவிடக் கூடாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி வைப்பார்களே, ஆஸ்பத்திரிக் கதவுகளில் பார்த்திருப்பீர்கள், அது பார்வைக்காக வைத்தது. வங்கி கவுன்ட்டரில் இருப்பது பணத்துக்குப் பாதுகாப்பு. ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தது சத்தத்துக்காக. பாரோட் லைட் வெளிச்சத்துக்காக மட்டும். அதனால்தான் அதைப் பெரும்பாலும் கண் மட்டத்துக்கு மேலே வைக்கிறார்கள். வெளிச்சம் வரட்டும், பார்வை வர வேண்டாம். கீழே வைக்க வேண்டி வந்தால் சொரசொரப்பான பனிக்கண்ணாடி போடுவார்கள், இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

இது வெறும் அழகு சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உயிர் போகிற இடத்திலும் இது உதவியிருக்கிறது. பழைய போர்க்கப்பல்களில் வெடிமருந்து வைக்கிற அறை கப்பலின் அடிவயிற்றில் இருக்கும். சூரிய வெளிச்சம் எட்டிப் பார்க்காது. விளக்கு கொண்டுபோனால் கப்பலே போய்விடும். என்ன செய்வது? வெடிமருந்து அறைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன அறை கட்டி, அதற்கு வேறு வழி வைத்து, அங்கே விளக்கை ஏற்றினார்கள். நடுச்சுவரில் கண்ணாடி. வெளிச்சம் மட்டும் இந்தப் பக்கம் வரும், நெருப்பு வராது. 1805 இல் டிரஃபால்கர் சண்டையில் நெல்சன் ஏறிப்போன விக்டரி கப்பலில் இந்த ஏற்பாடு இருந்தது. அந்தக் கப்பல் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இருக்கிறது.

அதே இங்கிலாந்தில் ஜன்னலுக்கு வரி போட்ட கூத்தும் நடந்தது. 1696 இல் ஆரம்பித்து 1851 வரைக்கும், ஒரு வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி வசூலித்தார்கள். வரிக்குப் பயந்து ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வருமானத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஜன்னலை எண்ணுவது சுலபம் என்பதுதான் அரசாங்கத்தின் கணக்கு. வரிக்கும் வரி ஏய்ப்புக்கும் இதை விட நல்ல உதாரணம் வகுப்பில் யாரும் சொன்னதில்லை.

கதைக்குத் திரும்புவோம். சித்தேரிக்காரர் கொடுத்த கொட்டேஷனில் "வரைபடத்தில் உள்ள எல்லாக் கண்ணாடி வேலையும் சேர்த்து" என்று ஒரு வரி இருந்தது. பழைய கொட்டேஷனில் இருந்து அப்படியே எடுத்துப் போட்டது. வரைபடத்தில் அந்த 9 திறப்பிலும் கண்ணாடிக்கான கோடு தெளிவாக இருந்தது. அவர் பட்டியலைப் படித்தார், வரைபடத்தைப் பார்க்கவில்லை.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். வணிகச் சட்டம் பேப்பரில் வருமே, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் சம்மதம் என்கிறது 13 ஆவது பிரிவு. இரண்டு தரப்பும் ஒப்பந்தத்துக்கு முக்கியமான ஒரு உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 20 ஆவது பிரிவு. இதற்கு எல்லாப் புத்தகத்திலும் வருகிற பியர்லெஸ் கப்பல் வழக்கு, 1864. பம்பாயில் இருந்து பியர்லெஸ் என்ற கப்பலில் வரும் பருத்தி என்று ஒப்பந்தம். ஆனால் பம்பாயில் இருந்து பியர்லெஸ் என்ற பெயரில் இரண்டு கப்பல் கிளம்பியது. ஒன்று அக்டோபரில், இன்னொன்று டிசம்பரில். வாங்குபவர் நினைத்தது ஒன்று, விற்பவர் நினைத்தது மற்றது. தீர்ப்பு வாங்குபவர் பக்கம் போனது, அவர் பருத்தியை எடுக்க வேண்டியதில்லை என்று ஆனது.

அப்படியானால் பாரோட் லைட் என்ற பெயரிலும் இரண்டு கப்பல் இருந்ததே, சித்தேரிக்காரர் தப்பித்துவிடலாமா?

முடியாது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 22 ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு தரப்பு மட்டும் தவறாகப் புரிந்துகொண்டது என்பதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. கம்பெனிக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிந்திருந்தது. வரைபடமும் சொன்னது. தெரியாதவர் இவர் ஒருவர்தான். (எலெக்ட்ரீஷியனும்தான். ஆனால் அவர் நல்லவேளையாக வாடகை விளக்கோடு தப்பித்தார்.) தேர்வில் 20 க்கும் 22 க்கும் வித்தியாசம் எழுதுவது 5 மார்க். அவருக்கு அது மூன்று வார உழைப்பு.

கணக்கு இப்படி. ஒரு திறப்பு 6 அடிக்கு 2 அடி, 12 சதுர அடி. 9 திறப்புக்கு 108 சதுர அடி. 8 மில்லிமீட்டர் டஃப்பன் பண்ணிய கண்ணாடி, சேனல், சிலிக்கான் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 350 ரூபாய் என்றால் 37,800. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவசரத்தில் ஒரு திறப்பை அளக்காமல் மற்றவை மாதிரியே 24 அங்குலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது 23 அங்குலம் இருந்தது. சாதாரணக் கண்ணாடி என்றால் வைரம் வைத்து ஒரு கீறு கீறி ஒரு அங்குலத்தை உடைத்துவிடலாம். டஃப்பன் பண்ணியதை உலகத்தில் எவனாலும் வெட்ட முடியாது. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு இறுகும்போது மேலே இருப்பதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுபறிதான் அதன் பலம். ஒரு இடத்தில் கீறினால் இழுபறி மொத்தமும் அவிழ்ந்து, முழுக் கண்ணாடியும் கற்கண்டு மாதிரி கொட்டிவிடும். அதனால் வெட்டுவதோ ஓட்டை போடுவதோ எல்லாம் அடுப்புக்குள் போவதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

ஆக இன்னொரு கண்ணாடி. மொத்தம் 10, 120 சதுர அடி, 42,000 ரூபாய். அந்த வேலையில் அவர் எதிர்பார்த்த லாபம் 45,000. மீதி 3,000. பையன்களுக்குக் கூலியில் கை வைக்கவில்லை.

டஃப்பன் கண்ணாடிக்கு எதற்கு இவ்வளவு செலவு, சாதாரணக் கண்ணாடி போட்டால் ஆகாதா என்று அவருக்கும் ஒரு நிமிடம் தோன்றியிருக்கிறது. அப்போது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு விஷயம் ஞாபகத்தில் இருந்தது. 2020 ஜூனில் கேரளாவில் பெரும்பாவூரில், ஒரு வங்கிக் கிளைக்கு வந்த பெண் அவசரமாக வெளியே ஓடும்போது கண்ணாடிக் கதவு இருப்பது தெரியாமல் மோதிவிட்டார். கண்ணாடி உடைந்து வயிற்றில் குத்தி இறந்துபோனார். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக உடையும். டஃப்பன் கண்ணாடி சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும், காயம் படும், ஆனால் கழுத்தையோ வயிற்றையோ கிழிக்காது. ஆபீஸ் கண்ணாடியில் இடுப்பு உயரத்துக்கு வட்டமோ கோடோ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதும் அலங்காரத்துக்கு இல்லை, இங்கே கண்ணாடி இருக்கிறது என்று சொல்வதற்குத்தான். சுத்தமாகத் துடைத்த கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது, அதுதான் அதன் பெருமையும் ஆபத்தும்.

வேலை முடிந்து 9 கண்ணாடியும் ஏறியது. உள்ளே இருந்த ஃபைல் ரூமில் பகலில் விளக்கு போடாமல் ஃபைலின் பெயரைப் படிக்க முடிந்தது. நல்ல தெளிவான கண்ணாடி வெளிச்சத்தில் 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் விட்டுவிடும், பரப்பில் பட்டுத் திரும்புவதுதான் முக்கியமான நஷ்டம். இவருக்குப் பட்ட எரிச்சல் எல்லாம் அந்த அறைக்குள் நின்று பார்த்தபோது கொஞ்சம் இறங்கிவிட்டது. பத்து வருடமாகக் கண்ணாடியைத் தடுப்பாகவே பார்த்தவர், முதல் தடவை அதை வழியாகப் பார்த்தார்.

அளவு தப்பிய பத்தாவது கண்ணாடி அவர் அறையில் கட்டிலுக்குப் பின்னால் நின்றது. யாருக்கும் விற்க முடியாது. 6 அடிக்கு 2 அடி சரியாக யாருக்குத் தேவைப்படும்?

சித்தேரியில் ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது.

பழைய மலை வீடுகள் மண் சுவர், புல் கூரை, குனிந்து போகிற வாசல். ஜன்னல் கிடையாது. மலைக்குளிருக்கும் மழைக்கும் அதுதான் கணக்கு. உள்ளே அடுப்புப் புகை பரணில் இருக்கிற தானியத்தைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளும். இருட்டு அந்த வீட்டில் ஒரு குறை இல்லை, அந்த வீட்டில் யாரும் பகலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஜன்னலைப் பற்றிய நம் பழைய சொல்லைப் பார்த்தாலும் அப்படித்தான். சிலப்பதிகாரத்தில் வருகிற காலதர் என்ற சொல், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, காற்று வருகிற வழி. ஆங்கிலத்து விண்டோவும் காற்றின் கண் என்ற பழைய நார்டிக் சொல்லில் இருந்து வந்ததுதான். ஜன்னல் என்பது போர்ச்சுக்கீசியர்கள் விட்டுவிட்டுப் போனது. இரண்டு ஊர்க்காரர்களும் முதலில் நினைத்தது காற்றைத்தான், வெளிச்சத்தை இல்லை. வெளிச்சம் வேண்டும் என்றால் வாசலுக்கு வந்தால் போயிற்று. ஓட்டு வீடு வந்த பிறகு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு வைத்துக்கொண்டார்கள். மதியம் அதில் இருந்து ஒரு கட்டம் வெளிச்சம் தரையில் விழுந்து மெதுவாக நகரும், பல வீடுகளில் அதுதான் கடிகாரம்.

இவர் வீடு அப்படி இல்லை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு, கான்கிரீட் கூரை. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. பின்னறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. பிறகு குடும்பம் பெருத்தது, தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் பின்பக்கம் சிமென்ட் ஷீட் போட்டு ஒரு சமையல் கொட்டகை இறக்கினார்கள். அந்த ஜன்னல் கொட்டகைக்குள் போய்விட்டது. புகை வருகிறது என்று அம்மா அதைப் பலகை வைத்து அடைத்துவிட்டார். பின்னறை இப்போது நடு அறை. நாலு பக்கமும் சுவர். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடு இப்படித்தான் வளர்கிறது. ஒவ்வொரு புது அறையும் ஒரு பழைய ஜன்னலைத் தின்றுவிட்டுத்தான் பிறக்கிறது.

அந்த நடு அறையில்தான் சாமை மூட்டை, ராகி மூட்டை, புளிப் பானை, துணிப் பெட்டி எல்லாம். பகலிலும் பல்பு எரிய வேண்டும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அம்மா விளக்கு இல்லாமல் தடவித் தடவியே எடுத்துப் பழகிவிட்டார். அப்படி ஒருநாள் மூட்டை இடுக்கில் கை விட்டபோது தேள் கொட்டியது. இரண்டு நாள் கை தோள் வரைக்கும் கடுத்து, வேர்த்து, தூக்கம் இல்லாமல் கிடந்தார். இதை அவர் மகனிடம் சொல்லவே இல்லை. தங்கச்சி போனில் சொல்லித்தான் தெரிந்தது. பெங்களூரில் யாரோ ஃபைலின் பெயரைப் படிக்க 9 கண்ணாடி மாட்டிவிட்டு வந்த அதே மாதம்.

அடுத்த வாரமே பத்தாவது கண்ணாடியைப் பழைய கம்பளியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். 8 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டர் 20 கிலோ. இது 22 கிலோவுக்கு மேலே. கிருஷ்ணகிரி வரை தெரிந்த ஒரு லோடு வண்டி. அங்கிருந்து அரூர் ஒரு பஸ், அரூரில் இருந்து சித்தேரி ஒரு பஸ்.

கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாது இது?"

"கண்ணாடிங்க."

"கொண்டை ஊசி வளைவு இருக்கு. உடைஞ்சா நான் பொறுப்பில்ல."

"இது உடையாதுங்க. உடைஞ்சாலும் யாரையும் குத்தாது."

லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மலை ஏறுகிறவரை நின்றுகொண்டே இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வந்தார். டஃப்பன் கண்ணாடிக்கு நடுவில் அடித்தால் தாங்கும், ஓரத்தில் ஒரு சின்னக் கல் பட்டால் போதும், போய்விடும். அதனால் நான்கு ஓரத்துக்கும் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்.

சுவரை உடைக்க அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நல்லா இருக்கிற சுவரை எதற்கு உடைக்க வேண்டும்? முன்னறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடு அறை தெரியாதா? தங்கச்சி வந்தால் உடுத்துகிற இடம் அதுதானே? கேள்விகள் எல்லாம் நியாயமானவை. வெளிநாட்டு ஆர்க்கிடெக்ட் யோசித்த அதே கேள்விகள். பதிலும் அதேதான். தலைக்கு மேலே, கூரைக்கு ஒன்றரை அடி கீழே. முன்னறையில் ஸ்டூல் போட்டு ஏறினால் ஒழிய எதுவும் தெரியாது. அந்தச் சுவர் கூரையைத் தாங்கும் சுவர் என்பதால் கொத்தனாரைக் கூப்பிட்டு, மேலே சின்னதாக ஒரு லின்டல் போட்ட பிறகுதான் கீழே உடைத்தார்கள். ஆபீஸ் ஜிப்சம் சுவருக்கு அந்தக் கவலை கிடையாது, வீட்டில் இதை யாராவது செய்ய நினைத்தால் முதலில் கொத்தனாரைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது ஜன்னலுக்குப் பதில் ஆகாது. வசிக்கிற அறையின் ஜன்னல் நேராக வெளிக்காற்றுக்கோ திறந்த வராந்தாவுக்கோ திறக்க வேண்டும் என்பதுதான் தேசியக் கட்டட விதித் தொகுப்பின் கணக்கு. திறப்பில் இருந்து ஏழரை மீட்டருக்கு அப்பால் இருக்கிற இடத்தை வெளிச்சம் உள்ள இடமாகவே அது எடுத்துக்கொள்வதில்லை. கடன் வாங்கிய வெளிச்சத்தை வரவில் எழுதிக்கொள்ளலாம், முதலில் சேர்க்க முடியாது. கடன் கொடுக்கிற அறை ஜன்னலைச் சாத்தினால் வாங்கிய அறையும் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் வெளிச்சத்தை மறைத்தால் கேட்பதற்காவது சட்டம் இருக்கிறது. 1882 ஆம் வருட வசதியுரிமைச் சட்டம், 15 ஆவது பிரிவு, 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கு உரிமை உண்டு. தன் வீட்டு ஜன்னலைத் தானே கொட்டகை போட்டு அடைத்தவர்கள் யார் மேல் கேஸ் போடுவது?

கண்ணாடியைத் தூக்கி வைத்து சிலிக்கான் பூசியது ஒரு சாயங்காலம். மறுநாள் காலை பத்து மணிக்கு முன்னறை ஜன்னலிலும் வாசலிலும் விழுந்த வெயில் தரையில் பட்டு, சுண்ணாம்பு அடித்த கூரையில் பட்டு, மேலே கண்ணாடி வழியாக நடு அறைக்குள் இறங்கியது. பேப்பர் படிக்கிற அளவுக்கு இல்லை. எது மூட்டை, எது பானை, எது தேள் என்று தெரிகிற அளவுக்கு இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைகளை எல்லாம் இழுத்துப் போட்டு, அதன் பின்னால் பெருக்க ஆரம்பித்தார். பின்னால் இவ்வளவு குப்பை இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ராகி மாவு எடுக்க நடு அறை பல்பைப் போடுவார். அந்த நேரத்தில் முன்னறை இருட்டு, நடு அறை வெளிச்சம். கண்ணாடி இப்போது எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். முன்னறையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவர் முகத்தில் நேராக வந்து விழும்.

"எம்மா, லைட்ட அணைம்மா..."

"நீதானடா கடன்னு சொன்ன. வாங்கினத திருப்பிக் குடுக்க வேணாமா?"

லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் இப்போது திண்ணையில்தான் படுக்கிறார்.